கலைப்புல ஏஐ ஹேக்கத்தானுக்குத் தயாராவது எப்படி? டர்பன் அணிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெனரேட்டிவ் ஏஐ-யை (எழுத்து, படம் போன்றவற்றைத் தானே உருவாக்கும் ஏஐ) வைத்து வரலாறு, இலக்கியம், மொழி, சமயம் ஆகியவற்றில் ஏதாவது செய்து காட்டுங்கள் என்று ஒரு பல்கலைக்கழகம் ஹேக்கத்தான் (குறுகிய நேரத்தில் அணியாகச் சேர்ந்து ஒன்றை உருவாக்கும் போட்டி) அறிவித்ததும், அணிகள் முதலில் கேட்பது "எந்த மாடல் எடுக்கலாம்?" என்பதுதான். அது ஏழாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இங்கேயும் அது ஏழாவது பகுதியில்தான் வருகிறது.

நான் உதவியாளராக உட்கார்ந்து பார்த்த வரை, புதிய அணிகள் திறமைக் குறைவால் தோற்பதில்லை. வேலையின் வரிசை புரண்டுபோவதால் தோற்கிறார்கள். அதனால் வரிசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்று வாரம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் நான்கு, ஐந்து, ஆறு ஆகிய பகுதிகளைச் சுருக்கிச் செய்யுங்கள், தாண்டிப் போகாதீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு பொருளைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்: 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த 1,52,184 பேரைப் பதிந்த கப்பல் பட்டியல்கள். டர்பனில் நம்மில் பலருக்குக் குடும்பத்தின் முதல் எழுத்துப் பதிவே அங்கேதான் இருக்கிறது. உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் முறை மாறாது.

1. விதிமுறைகளை வரி விடாமல் படியுங்கள்

நான்கு பதில்களைத் தேடுங்கள். முன்கூட்டியே எழுதிய நிரலுக்கு அனுமதி உண்டா? சொந்தத் தரவைக் கொண்டுவரலாமா? நிரல் எழுத ஏஐ உதவியை எடுத்தால் அதைத் தெரிவிக்க வேண்டுமா? முடிவில் உருவாகும் பொருள் யாருக்குச் சொந்தம்?

நிரலை அங்கேதான் எழுத வேண்டும் என்று சொல்கிற போட்டிகள்கூட, தரவைத் தயார் செய்து கொண்டுவருவதைத் தடுப்பது அரிது. தெளிவாக எழுதப்படவில்லை என்றால் ஏற்பாட்டாளருக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் வேலையில் பாதிக்கு மேல் தரவு வேலைதான் என்பதால், இந்த ஒரு பதில் உங்கள் திட்டத்தையே மாற்றிவிடும்.

மதிப்பெண் பிரிப்பையும் பாருங்கள். புதுமைக்கு இவ்வளவு, பயன்பாட்டுக்கு இவ்வளவு, பொறுப்புணர்வுக்கு இவ்வளவு என்று இருக்கும். கலைப்புலம் சேர்ந்த போட்டியில் கடைசி இனத்தை லேசாக எடுக்காதீர்கள்.

2. மூலத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரை முதலில் பிடியுங்கள்

நான்கு பேர் போதும். நிரல் எழுத ஒருவர், தரவைத் துப்புரவு செய்ய ஒருவர், எழுதவும் பேசவும் ஒருவர், மூலத்தை வாசிக்க ஒருவர். நான்காமவர்தான் முக்கியம். நான்கு நிரலாளர்கள் கூடிவிட்டு, வரலாற்று மாணவி ஒருத்தியைக் கடைசி நாள் "ஸ்லைடு போட" அழைக்கும் அணிகளை நிறையப் பார்க்கலாம். மாடல் தப்பாகச் சொன்னதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அவளை வாசலில் நிறுத்திவைத்தால் தப்பு உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

தமிழ் மூலம் என்றால் டர்பனில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டு மொழி ஆங்கிலம். தமிழ் கேட்டால் புரியும், பழைய அச்சை வாசிக்க வராது. சாட்ஸ்வொர்த்திலோ டொங்காட்டிலோ கோயில் தமிழ் வகுப்பு நடத்தும் ஆன்ட்டி, வீட்டில் இருக்கும் தாத்தா ஆகியோரிடம் முன்பே பேசி வையுங்கள். அவர்கள் போட்டிக்கு வர வேண்டியதில்லை. ஹேக்கத்தானுக்கு முந்தைய வாரத்தில் இரண்டு மாலை கொடுத்தால் போதும். கையில் வெண்ணெய் இருக்கும்போது நெய்க்கு அலைய வேண்டாம்.

3. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

வாக்கியத்தில் மூன்று இருக்க வேண்டும்: யாருக்கு, எந்த மூலத்திலிருந்து, என்ன பதில். "ஒப்பந்தத் தொழிலாளர் வரலாற்றை ஏஐ மூலம் மக்களிடம் கொண்டுசெல்வோம்" என்பது ஆசை. அதை வைத்து நிரல் எழுத முடியாது. "குடும்பப் பெயரையும் கிராமத்தையும் அரைகுறையாக நினைவில் வைத்திருக்கும் ஒருவருக்கு, கப்பல் பட்டியலில் பொருந்தக்கூடிய ஐந்து வரிகளை, ஏன் பொருந்துகிறது என்ற காரணத்தோடு காட்டுவது" என்றால் கேள்வி.

இப்படி எழுதினால்தான் எதைச் செய்யத் தேவையில்லை என்பதும் தெரியும். மேலே உள்ள கேள்விக்கு அரட்டைப் பெட்டி வேண்டாம், குரல் வேண்டாம், முகப்படம் உருவாக்க வேண்டாம். மூதாதையரின் முகத்தை ஏஐ-யில் வரையும் திட்டம் அடிக்கடி மேசைக்கு வருகிறது. பட்டியலில் உயரமும் உடல் அடையாளமும்தான் இருக்கின்றன, முகம் இல்லை. இல்லாத முகத்தை வரைந்து "இதுதான் உங்கள் கொள்ளுத் தாத்தா" என்று ஒரு பாட்டியிடம் நீட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடுவர் குழுவில் இருக்கும் வரலாற்றுப் பேராசிரியரும் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

4. மூலத்தையும் உரிமையையும் சேர்த்தே தேடுங்கள்

முதலில் மூலம். குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம், கப்பல் பட்டியல் தேடுபவர்கள் போகும் இடம். பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரி. குடியேற்ற எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா (மாவட்டம்), தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உயரம், உடல் அடையாளம் என்று பத்திகள் போகும்.

அச்சுத் தமிழ் வேண்டுமானால் 1903-ல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் தமிழ்ப் பக்கங்கள் உண்டு. காந்தி ஹெரிடேஜ் போர்ட்டலில் ஸ்கேன் பிரதிகளைப் பார்க்கலாம். பொதுவான தமிழ் இலக்கியத்துக்கு மதுரைத் திட்டமும் விக்கிமூலமும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் நேட்டால் தமிழ் இருக்காது. உள்ளூர்த் தமிழ் வேண்டுமென்றால் கோயில் ஆண்டு மலர், கல்யாணப் பத்திரிகை, காவடித் திருவிழா நோட்டீஸ், பழைய கடிதம் என்று வீட்டு அலமாரியில்தான் தேட வேண்டும். மொழித் தரவைக் கையாளும் முறைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள பொட்செஃப்ஸ்ட்ரூமில் வடமேற்குப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் சாடிலார் (டிஜிட்டல் மொழி வளங்களுக்கான) மையத்தைப் பாருங்கள். அதன் கவனம் நாட்டின் அதிகாரபூர்வ மொழிகள் மீது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அரசியல் சட்டத்தின் 6(5) பிரிவில், மதிக்கப்பட வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத்தான் தமிழ் குறிப்பிடப்படுகிறது.

அடுத்து உரிமை. இதைக் கடைசிக்குத் தள்ளும் அணி, கடைசி நாளில் தரவை மாற்ற வேண்டிவரும்.

தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்துப் படைப்புக்கு ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் வரை பாதுகாப்பு உண்டு. 1985-ல் வந்த கோயில் மலர் பழையதாகத் தெரியும், சட்டத்துக்கு அது புதியது. நிர்வாகக் குழுவிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். ஆவணக் காப்பகம் கொடுத்த ஸ்கேன் என்றால், அதை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று காப்பகமே விதி வைத்திருக்கும். அதையும் படியுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் விவரம் என்றால் போப்பியா சட்டம் குறுக்கே வரும். 2013-ல் நிறைவேறிய இந்தத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. பாட்டியின் பேட்டியை ஒரு வெளிநாட்டு ஏஐ சேவையில் ஏற்றினால், அது தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்புவது. அதற்கும் இச்சட்டத்தில் 72-ஆம் பிரிவு இருக்கிறது. "இலவச சேவைதானே, பரவாயில்லை" என்று ஏற்றிவிடாதீர்கள். இலவசக் கணக்குகளில்தான் நீங்கள் ஏற்றியதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் விதி அதிகம் இருக்கும். அமைப்புகளைத் திறந்து பாருங்கள்.

புதிதாகப் பேட்டி எடுக்கும் யோசனை இருந்தால் இன்னொன்று: பல்கலைக்கழக ஆய்வுநெறிக் குழு அனுமதி வாரக்கணக்கில் ஆகும். ஹேக்கத்தான் வாரத்தில் விண்ணப்பித்துக் கிடைக்காது. ஏற்கெனவே அனுமதி பெற்றுச் சேகரித்த பேட்டிகளைக் கேட்டுப் பாருங்கள், அல்லது பேட்டியே வேண்டாத கேள்விக்கு மாறுங்கள்.

சாதிப் பத்தியைப் பற்றியும் இங்கேயே முடிவெடுங்கள். பட்டியலில் இருப்பவர்கள் இறந்துவிட்டார்கள், சட்டம் தடுக்காது. ஆனால் பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள். நான் சொல்லும் வழி: தரவில் வைத்திருங்கள், ஏனென்றால் காலனி அரசு ஆட்களை எப்படி வகைப்படுத்தியது என்பதற்கு அது சான்று. திரையில் தானாகக் காட்டாதீர்கள். மாடலிடம் குடும்பப் பெயரைக் கொடுத்துச் சாதியை ஊகிக்கச் சொல்லும் வேலை மட்டும் கூடவே கூடாது.

5. தரவைச் சுத்தம் செய்யுங்கள்

ஹேக்கத்தான் நேரத்தில் இதைச் செய்ய உட்கார்ந்தால் எழுந்திருக்கவே முடியாது. முன்பே முடியுங்கள்.

பெயர்கள்: காலனி எழுத்தர்கள் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். முனுசாமி என்ற ஒரே பெயர், இரண்டு 'ஓ' போட்டும் ஒற்றை 'யு' போட்டும் வரும். ரங்கசாமி 'ருங்கசாமி' ஆகியிருப்பார். குப்புசாமி ஒரு பக்கத்தில் 'கே'யில் தொடங்குவார், இன்னொரு பக்கத்தில் 'சி'யில் தொடங்குவார். பெயர் தேடல் என்றதும் எல்லோரும் எடுப்பது, ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ். அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் முறை. ஆகவே 'கே' குப்புசாமியும் 'சி' குப்புசாமியும் அதில் சந்திக்கவே மாட்டார்கள். அதற்குப் பதில் உங்களுக்கென்று ஒரு சிறு மாற்று அட்டவணை தயார் செய்யுங்கள்: எந்தெந்த ஆங்கில எழுத்துக் கூட்டங்களை ஒன்றாகக் கருதலாம் என்று. தமிழ் தெரிந்தவர் ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும். பட்டியலின் மூல எழுத்தை மட்டும் ஒருபோதும் அழிக்காதீர்கள். திருத்திய வடிவத்தைத் தனிப் பத்தியில் வையுங்கள். தவறு எங்கே நுழைந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேறு வழி இருக்காது.

ஊர்கள்: பட்டியலில் 'வட ஆற்காடு' என்றிருப்பதை இன்றைய வேலூர் பக்கம் என்று மாடல் உடனே சொல்லிவிடும். பழைய வட ஆற்காட்டில் சித்தூர் பகுதியும் இருந்தது. அது 1911-ல்தான் தனி மாவட்டமானது, இப்போது ஆந்திராவில் இருக்கிறது. ஒரு தெலுங்குக் குடும்பத்தை இந்த ஒரு பிழையால் தமிழ்நாட்டில் கொண்டுபோய் இறக்கிவிடலாம். ஜில்லாவைப் பட்டியல் காலத்து எல்லைப்படியே வைத்துக்கொண்டு, இன்றைய இடத்தைத் தனியாக, 'உறுதியில்லை' என்ற குறியோடு சேருங்கள்.

தமிழ் எழுத்து: 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் தட்டச்சு செய்த சங்க ஆவணங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றாமல் மாடலுக்குக் கொடுத்தால் அது குப்பையை வாசிக்கும். யூனிகோடிலேயே இருந்தாலும் 'கொ' என்பதன் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு இரண்டும் வேறு. எல்லா உரையையும் என்எஃப்சி முறையில் (யூனிகோடு எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் முறை) ஒரு தடவை ஒழுங்குபடுத்திவிடுங்கள். பைத்தானில் ஒரு வரி வேலை. இதைச் செய்யாததால் "தேடினா வரமாட்டேங்குது" என்று மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஒவ்வொரு தடவையும் இருக்கிறார்கள்.

பழைய அச்சு: 1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் வேறு வடிவில் அச்சாயின. டெசராக்ட் போன்ற எழுத்துணரிகள் (படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் நிரல்கள்) இங்கே தடுமாறும். படத்தைப் பார்த்து வாசிக்கும் புதிய ஏஐ மாடல்கள் இதைவிட நன்றாக வாசிக்கும், ஆனால் அவற்றிடம் வேறொரு ஆபத்து இருக்கிறது. டெசராக்ட் திணறினால் குப்பையைக் கொட்டும், பார்த்ததும் தெரியும். ஏஐ மாடலோ, கிழிந்த இடத்தில் தானே ஒரு நல்ல தமிழ் வாக்கியத்தைப் போட்டு நிரப்பிவிடும். வழுவழுவென்று ஓடும் வாக்கியத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து வரியையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் பக்கத்தின் மடிப்பு, கறை, ஓரம் இருக்கும் இடத்தில்.

ஒலி: விஸ்பர் போன்ற மாடல் தமிழை எழுத்தாக்கும். பேசுபவர் நிறுத்தும் மௌனத்தில் அது சொல்லாத வாக்கியத்தை எழுதிவிடுவதுண்டு. நீண்ட மௌனங்களை முதலிலேயே வெட்டிவிடுங்கள். தமிழும் ஆங்கிலமும் இசிசூலுவும் கலந்த நம் வீட்டுப் பேச்சில் பிழை இன்னும் கூடும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

6. மாடலைத் தொடும் முன் விடைத்தாள் தயார் செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

ஐம்பது கேள்விகளை எடுத்து, மாடலின் உதவி இல்லாமல், கையால் சரியான விடையை எழுதுங்கள். எங்கள் எடுத்துக்காட்டில்: இந்தப் பெயர், இந்த ஜில்லா, இந்த உத்தேச ஆண்டு என்றால் பட்டியலின் எந்த எண் வர வேண்டும்? இரண்டு பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். இருவரும் மாறுபடும் இடங்கள் வீண் போகாது. மனிதருக்கே தெளிவில்லாத இடம் எது என்று அவைதான் காட்டும். மாடலிடம் அங்கே முழு மதிப்பெண் எதிர்பார்க்க முடியாது.

ஐம்பதில் பத்து கேள்விகளுக்காவது விடையே இருக்கக் கூடாது. பட்டியலில் இல்லாத ஆள், பட்டியல் சொல்லாத தகவல். "இவர் எந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டினார்?" என்று கேளுங்கள். வரியில் அது இல்லையென்றால் 'தெரியாது' என்பதுதான் சரியான விடை. ஜெனரேட்டிவ் ஏஐ சறுக்கும் இடம் இதுதான், நடுவர்கள் கேட்கும் இடமும் இதுதான்.

பிறகு இருபதைப் பழகிப் பார்க்க வைத்துக்கொண்டு, முப்பதைப் பூட்டி வையுங்கள். கடைசி நாள் காலை வரை அந்த முப்பதையும் மாடலுக்குக் காட்டாதீர்கள். காட்டினால் ப்ராம்ப்டை (மாடலுக்குக் கொடுக்கும் கட்டளையை) உங்களுக்கே தெரியாமல் அந்தக் கேள்விகளுக்கு ஏற்றபடி வளைத்துவிடுவீர்கள், கிடைக்கும் மதிப்பெண் பொய்யாகிவிடும்.

முன்பே ஏன்? மாடலின் பதிலைப் பார்த்த பிறகு விடைத்தாள் எழுதினால் கை அதன் பக்கம் சாய்ந்துவிடும். "இதுவும் சரிதான்போல" என்று தோன்றும்.

7. இப்போது மாடல்

இரண்டு மூன்று மாடல்களை அந்த இருபது கேள்விகளில் ஓட்டிப் பாருங்கள். எது கூடுதலாகச் சரியாகச் சொல்கிறது, எது 'தெரியாது' என்று சொல்லத் தயங்கவில்லை என்று பாருங்கள். சந்தையில் யாருக்குப் பெயர் அதிகம் என்பது உங்கள் வேலைக்குச் சம்பந்தமில்லாதது.

சொந்த மாடலைப் பயிற்றுவிக்கும் எண்ணத்தை விடுங்கள். ஒரு வாரயிறுதியில், சில நூறு வரிகளை வைத்து மாடலைத் திருத்திப் பயிற்றுவித்தால், நடை மாறும், அறிவு கூடாது. கூகுளின் இணையவழிக் கணினிச் சேவையான கோலாபின் இலவச அமர்வு நடுவில் அறுந்துபோனால் அதுவும் இல்லை. முதலில் சாதாரணத் தேடல் மூலம் பொருந்தும் வரிகளை எடுங்கள். அந்த வரிகளை மட்டும் ப்ராம்ப்டில் கொடுத்து, அவற்றிலிருந்து மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்கள். இது போதும்.

ப்ராம்ப்ட் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு வரியில் காட்டுகிறேன். இது மாதிரிக்கு நானே எழுதிய பட்டியல் வரி: "முனுசாமி, தகப்பன் ரங்கசாமி, வயது 24, ஜில்லா வட ஆற்காடு, உயரம் 5 அடி 4 அங்குலம், இடது முழங்காலில் தழும்பு."

இதைக் கொடுத்து "இவருடைய கதையை எழுது" என்று கேட்டால் என்ன வரும்? வறட்சியால் நிலத்தை இழந்த உழவர், அழுதபடி வழியனுப்பும் தாய், நடுக்கடலில் புயல், டர்பன் கரையில் கால் வைத்ததும் கண்ணில் நீர். படிக்க நன்றாகத்தான் இருக்கும். நிலம், தாய், புயல், கண்ணீர் நான்கும் வரியில் கிடையாது. தழும்பு இருக்கிறது, அதைக்கூட மாடல் கலப்பை வெட்டியதாக மாற்றிவிடும்.

இப்படிக் கேளுங்கள்: "கீழே உள்ள வரியில் இருப்பதை மட்டும் வைத்து நான்கு வாக்கியம் எழுது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று குறிப்பிடு. வரியில் இல்லாததைக் கேட்டால் 'பட்டியலில் இல்லை' என்று மட்டும் சொல்." பதிலை ஜேசன் வடிவில் (நிரல் எளிதாக வாசிக்கும்படி பிரித்து எழுதும் வடிவம்) வாங்கினால், பத்தியின் பெயர் இல்லாத வாக்கியத்தை உங்கள் நிரலே தூக்கி எறிந்துவிடும். பத்தியின் பெயரைப் போட்டுவிட்டுப் பொய் சொல்லவும் அதற்குத் தெரியும் என்பதால், எழுதியதும் பத்தியில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று ஒரு சோதனை வையுங்கள்.

தமிழில் வேலை செய்பவர்களுக்குச் செலவுக் கணக்கு ஒன்று. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'கொ' என்ற ஓர் எழுத்துக்கு ஆறு பைட். மாடல்கள் உரையை டோக்கன்கள் என்ற சிறு துண்டுகளாக வெட்டும்போது, அதே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் பொதுவாக அதிக டோக்கன்களாகும். இலவச வரம்பு சீக்கிரம் தீரும், பதிலும் மெதுவாக வரும். கட்டளையை ஆங்கிலத்திலும் தரவைத் தமிழிலும் கொடுப்பது, எல்லாவற்றையும் தமிழில் கொடுப்பது, இரண்டையும் இருபது கேள்விகளில் சோதித்து முடிவெடுங்கள். ஊகிக்காதீர்கள்.

பதில் எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் டெம்பரேச்சர் அளவைச் சுழியத்தில் வைத்தாலும் பதில் ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே வரும் என்று உறுதி கிடையாது. ஆகவே ப்ராம்ப்ட், மாடலின் சரியான பதிப்புப் பெயர், தேதி, வந்த பதில் நான்கையும் ஒரு கோப்பில் தானாகச் சேமிக்க ஏற்பாடு செய்யுங்கள். "இதை எப்படிப் பெற்றீர்கள்?" என்ற கேள்விக்குக் காட்ட அந்தக் கோப்பு வேண்டும்.

8. வெளியாள் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்

ஹேக்கத்தானுக்கு முந்தைய வாரத்தில், நீங்கள் செய்யப்போவதைக் காகிதத்தில் வரைந்தாவது ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். விளக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பாருங்கள். மாடல் எழுதிய தமிழை வாசித்த ஒரு கோயில் வகுப்பு ஆன்ட்டி, "இது டிவி தமிழ், நம்ம வீட்டுல யாரு இப்படிப் பேசுறா?" என்றார். அந்த அணி தமிழ்ப் பதிலை எளிமையாக்கி, பக்கத்திலேயே ஆங்கிலத்தையும் வைத்தது. எந்தச் சோதனைக் கணக்கும் அதைச் சொல்லியிருக்காது.

9. பையில் என்ன இருக்க வேண்டும்

2023-ல் இருந்த அளவுக்கு மின்வெட்டு இப்போது இல்லை. அதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். எக்ஸ்டென்ஷன் கம்பி, பவர் பேங்க், எல்லா லேப்டாப்புக்கும் சார்ஜர். பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான எடுரோம் வைஃபையில் ஒவ்வொருவரும் முந்தின நாளே உள்நுழைந்து பார்த்திருக்க வேண்டும். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்கள் வாசலில் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்டுவது வழக்கமான காட்சி.

தரவு முழுவதும் ஒரு பென் டிரைவிலும் இருக்கட்டும். தேவையான நிரல் தொகுப்புகளை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் பதிவிறக்கம் செய்தால் எந்த இணைப்பும் தாங்காது.

ஏபிஐ சாவியை (ஏஐ சேவையை உங்கள் கணக்கில் பயன்படுத்த நிரலுக்குத் தேவையான கடவுச்சொல் போன்றது) நிரலுக்குள் எழுதாதீர்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றிய சில நிமிடங்களிலேயே அதைத் தேடி எடுக்கும் தானியங்கிகள் உண்டு. தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பைக் கிட் கண்டுகொள்ளாதபடி செய்யுங்கள். செலவு உச்சவரம்பையும் வைத்துவிடுங்கள்.

10. ஹேக்கத்தான் நேரத்தைப் பிரிப்பது

முதல் கால்வாசி நேரத்துக்குள், ஒரே ஒரு கேள்விக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடும் ஒன்று திரையில் வந்துவிட வேண்டும். அழகு வேண்டாம். தேடல் முரட்டுத்தனமாக இருக்கலாம், பதில் கருப்பு வெள்ளையில் வரலாம். இணையும் இடங்களில்தான் சிக்கல் ஒளிந்திருக்கும், அதைச் சீக்கிரம் வெளியே இழுக்க வேறு வழியில்லை. ஒருவர் தேடல், ஒருவர் திரை, ஒருவர் ப்ராம்ப்ட் என்று தனித்தனியாகக் கட்டிக் கடைசி இரவில் ஒட்டப் பார்க்கும் அணிகள் விடியும்வரை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நடுப்பகுதி முழுவதும் இருபது கேள்விகளைத் திரும்பத் திரும்ப ஓட்டித் திருத்துவதற்கு. கடைசிக் கால்வாசியில் புது வசதி எதுவும் சேர்க்கக் கூடாது. பூட்டிய முப்பதை அப்போது ஒரே தடவை ஓட்டுங்கள். வந்த எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், குறைவாக இருந்தாலும்.

தூங்குங்கள். விடிய விடிய உட்கார்ந்த அணியின் மேடைப் பேச்சு எப்படி இருக்கும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

11. நடுவர்கள் முன்

ஐந்து நிமிடம் என்றால் நான்குக்குத் தயார் செய்யுங்கள். முதல் அரை நிமிடத்தில் மூன்றாம் பகுதியில் எழுதிய அந்த ஒரு வாக்கியம். பிறகு நேராக டெமோ. நேரடி இணைப்பை நம்பாமல், சேமித்து வைத்த பதில்களில் ஓடும் டெமோவும் பதிவு செய்த காணொளியும் தயாராக இருக்கட்டும். சேமித்த பதிலைக் காட்டும்போது, அது சேமித்தது என்று சொல்லிவிடுங்கள்.

வெற்றி பெற்ற ஒரு தேடலைக் காட்டியதும், தோற்ற ஒன்றையும் நீங்களே காட்டுங்கள். "வட ஆற்காடு என்று கேட்டால் இங்கே தடுமாறுகிறது, காரணம் இது, இப்படிக் குறி போட்டிருக்கிறோம்." முப்பதில் எத்தனை சரி, 'தெரியாது' கேள்விகளில் எத்தனை சரி என்று இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் எண்ணை மட்டும் சொன்னால், கேட்கத் தெரிந்த நடுவர் இரண்டாவதைக் கேட்பார்.

மூன்று கேள்விக்குப் பதிலை முன்பே பேசிப் பழகுங்கள். இந்தத் தரவைப் பயன்படுத்த யார் அனுமதி கொடுத்தது? சாதிப் பத்தியை என்ன செய்தீர்கள்? ஏஐ இல்லாமல் வெறும் தேடலே இதைச் செய்திருக்காதா? மூன்றாவது கேள்விக்கு நேர்மையான பதில் சில நேரம் "ஆமாம், பாதி வேலையைத் தேடலே செய்கிறது" என்பதாக இருக்கும். அப்படியே சொல்லுங்கள், மீதிப் பாதி எது என்று விடைத்தாளை வைத்துக் காட்டுங்கள்.

முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பும் முன் மூன்று வேலை: ஏபிஐ சாவிகளை ரத்து செய்யுங்கள், பகிர்ந்த கணினிகளிலும் ஏஐ சேவைகளிலும் ஏற்றிய குடும்ப ஆவணங்களை அழியுங்கள், திருத்திய பெயர் அட்டவணையின் பிரதியை மூலம் கொடுத்த காப்பகத்துக்கும் கோயிலுக்கும் அனுப்பிவையுங்கள்.